ஆண், 58, பிறை

பெயர் இல்லை. சீட்டில் இவ்வளவுதான்:
ஆண், ஐம்பத்தெட்டு, பிறை.
பிறை என்றால் எங்களுக்கு நிலா இல்லை.
பாலத்துக்கு அந்தப் பக்கம்
புகைபோக்கிகள் வரிசையாய் நிற்கும் ஊர்.

அவர் நுரையீரலில் ஒரு துண்டு
மெழுகில் புதைந்து வந்தது, கட்டைவிரல் நக அளவு.
முடியின் பருமனில் பத்தில் ஒன்றாய்ச் சீவி
வெந்நீரில் மிதக்கவிட்டு
கண்ணாடியில் ஏந்தினேன்.
ஏந்தும்போது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும்.
என் மூச்சு பட்டால்
அவர் மூச்சறைகள் மடிந்துவிடும்.

பிறகு சாயம். பிறகு இருட்டறை.
ஒன்பதே முக்கால் இருக்கும்,
ஹுய் ஷான் கோப்பி வாங்கக் கீழே போயிருந்தாள்.
நீ தெரிந்தாய், உட்கருவுக்குள்,
பச்சையாய்.

உன் பெயர் எழுத்தும் எண்ணுமாய்
லாரிப் பதிவு எண் போல இருக்கிறது.
நான் உன்னை ஜாகா என்றுதான் கூப்பிடுகிறேன்.
நாற்பத்தாறு மாடி,
ஜன்னலில் தெரிகிற கொம்தாரைவிடக் கொஞ்சம் குட்டை.
மாடிக்கு நூற்றுக்கணக்கில் அறை.
குதிகாலிலும் கண்ணிலும் அதே கட்டடம்தான்.
எந்த அறையில் விளக்கு எரியலாம்
எதில் கூடாது என்று
சாவிக்கொத்தோடு சுற்றிவருபவன் நீ.

இவரிடம் நீ முதலில் வந்தது
கருவின் நான்காம் வாரம்.
அவர் அம்மா அப்போது
நாள் தள்ளிப்போனதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்திருப்பார்.
ஒரே ஒரு குழாய். சோற்றுக்கா காற்றுக்கா
என்று இன்னும் முடிவாகாத குழாய்.
அதன் முன்சுவரில், சில செல்களில் மட்டும்,
ஓர் அறையைத் திறந்தாய்.
பக்கத்து அறையைப் பூட்டினாய்.
மொட்டு விட்டது.
இரண்டாய்ப் பிரிந்தது, நான்காய், எட்டாய்,
அப்புறம் கணக்கு எனக்குத் தெரியாது.
எல்லாம் நீருக்குள்.
காற்றையே பாராத ஒன்று காற்றுக்காக.

வேலை முடிந்தும் நீ போகவில்லை.
அதுதான் எனக்கு உன்னிடம் பிடித்தது.
எலிகளில் உன்னை எடுத்துப் பார்த்தார்கள்.
நுரையீரல் செல்
மெல்ல மெல்லத் தன்னை இரைப்பை என்று நினைத்துக்கொண்டு
இரைப்பையின் சளியைச் சுரக்கத் தொடங்கியதாம்.
படித்த அன்று சிரித்தேன். பிறகு சாப்பிட முடியவில்லை.

காயம் பட்டால்
மூச்சறை மூலையில் குந்தியிருக்கும் உருண்டைச் செல்
எழுந்து, அப்பளம்போல் விரிந்து
கிழிந்த இடத்தை மூட வேண்டும்.
நடுவில் ஒரு பருவம்:
உருண்டையும் இல்லை, தட்டையும் இல்லை.
சில நாள் அப்படி இருந்துவிட்டுக் கடந்துபோவார்கள்.
இவரிடம் அங்கேயே நிற்கிறார்கள்.
சிவப்புச் சாயத்தில், ஒருவர் பின் ஒருவராய்,
காலை ஏழு மணிப் பாலத்தில்
பிரேக் விளக்கோடு நிற்கும் மோட்டார் சைக்கிள்கள் மாதிரி.
சுற்றிலும் நார் இறுகிக்கொண்டே வருகிறது.

என் வேலை எண்ணுவது.
நூறு செல்லில் எத்தனை பச்சை.
வெல்டரா, பெயிண்ட் அடிப்பவரா,
மாடிப்படியில் எத்தனையாவது படியில் நிற்கிறார்,
அதெல்லாம் என் கட்டத்துக்குள் இல்லை.
முப்பத்தொன்று.

அப்போதுதான் மேல் மூலையில் அதைப் பார்த்தேன்.
பாதி விரிந்த ஒரு செல்.
ஒரு விளிம்பு மட்டும் நீண்டு
வெற்றிடத்தின் மேல் கையை வைத்திருந்தது.
உள்ளே நீ, மங்கலாய்.
போய்க்கொண்டிருந்ததா? நின்றுவிட்டதா?
ஃபார்மலினில் விழுந்த கணம் எதுவோ
அந்தக் கணமாகவே இருக்கிறது.

மங்கலை எண்ணக்கூடாது, விதி.
முப்பத்திரண்டு என்று எழுதினேன்.
ஹுய் ஷான் கோப்பியை வைத்துவிட்டு
தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.
அடித்துவிட்டு முப்பத்தொன்று என்று மாற்றினேன்.
அடித்தது தெரியும்படிதான் அடித்தேன்.

பெட்டியில் இடம் பார்த்துச் செருகினேன்.
இடப்பக்கம்: பெண், நாற்பது, ஜெலுத்தோங்.
வலப்பக்கம் காலி.